கடலுக்குப் போகும் வீட்டில் திருவருகைக் காலம்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புவார். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். தினமும் இரவு முழுச் செபமாலை சொல்லுவார். டிசம்பர் பிறந்தால் ஸ்டார், சீரியல் லைட், குடில் போட்டி, கேரல், துணி, பலகாரம் என்று ஒரே ஓட்டம். 24 இரவுப் பூசையில் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். நானும் எதையும் மனசில் வாங்காமல் நிற்கிறேன். போன வருடம் நான்கு மெழுகுதிரி வைத்து வளையம் செய்து ஆரம்பித்தோம். இரண்டாம் வாரத்தோடு நின்றுபோனது. அவர் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்து ஏழெட்டு வருடம் ஆகிறது. பேச்செடுத்தால் எரிந்து விழுகிறார். இந்த வருடமாவது குடும்பமாகச் சேர்ந்து ஆன்மிகமாகத் தயாரிக்க என்ன வழி?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

புதிதாக என்ன சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு டிசம்பரில் ஏற்கெனவே அளவுக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. அதனால் தினமும் பத்து நிமிடச் செபம் ஒன்று, முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று என்று இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை இருந்தால் இருக்கட்டும், குறைந்தாலும் நட்டமில்லை.

முதலில் நாள்காட்டியைக் கையில் எடுங்கள். கிறிஸ்து பிறப்புக்குத் தயாரிக்கும் திருவருகைக் காலம் டிசம்பர் 1ஆம் தேதி தொடங்குவதில்லை. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் தேதியில் ஞாயிறு விழுகிறதோ அன்றுதான் முதல் ஞாயிறு. 2026இல் அது நவம்பர் 29. அன்று முதல் டிசம்பர் 24 வரை 26 மாலைகள். கடல் நாள்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி என்று 15 மாலைகளில் உங்கள் கணவர் வீட்டில் இருப்பார். அந்த 15ஐ நாள்காட்டியில் வட்டமிடுங்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து செபிப்பது அந்த நாள்களில். மற்ற 11 மாலைகளில் நீங்களும் மாமியாரும் பிள்ளைகளும் போதும். புயல் எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்காத நாள்கள் இந்த மாதத்தில் எப்படியும் இருக்கும், அவை உபரி. இப்படிப் பிரிக்காமல் "தினமும் எல்லாரும்" என்று ஆரம்பிக்கும் வீடுகளில், முதல் திங்களன்று ஒருவர் இல்லை, புதனன்றும் இல்லை என்றதுமே தோற்றுவிட்ட மனநிலை வந்துவிடுகிறது.

போன வருடம் வளையம் நின்றுபோனதற்கு உங்கள் பக்திக் குறைவைக் காரணமாக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு திரி கூட்டி ஏற்றும் வளையத்தின் மெழுகுதிரிக் கணக்கைப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம் ஏற்றினாலும் முதல் திரி 26 நாள், அதாவது 260 நிமிடம் எரிய வேண்டும். இரண்டாவது 190 நிமிடம், மூன்றாவது 120, நான்காவது வெறும் 50. நான்கையும் ஒரே அளவில் மெல்லியதாக வாங்கினால் முதல் திரி பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அதோடு மழைக்கால மின்வெட்டில் சமையலறைக்கு வெளிச்சம் தேடும்போது கைக்கு முதலில் அகப்படுவதும் அந்தத் திரிதான். வளையம் வைப்பதென்றால் முதல் திரி நல்ல தடிமனாக இருக்க வேண்டும். மின்வெட்டுக்குத் தனிப் பொட்டலம் வேறு அலமாரியில் இருக்க வேண்டும். பச்சைக்குச் சவுக்குக் கொப்பு செருகுகிறார்கள். நம் கரையில் எளிதில் கிடைக்கும், பார்வைக்கும் அழகு. ஆனால் சில நாளில் காய்ந்து ஊசி ஊசியாக உதிர்ந்து, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

வளையம் திருச்சபைச் சட்டம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் லூத்தரன் சபையாரிடம் தோன்றி, பிறகு கத்தோலிக்க வீடுகளுக்கு வந்த நல்ல வழக்கம், அவ்வளவே. உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது வீட்டிலேயே இருக்கும்: ஐந்து முகக் குத்துவிளக்கு. முதல் வாரம் ஒரு முகம், இரண்டாம் வாரம் இரண்டு, இப்படி நான்காம் வாரம் நான்கு. ஐந்தாவது முகம் கிறிஸ்து பிறப்பு இரவுக்கு. எண்ணெய் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம், திரி கரிந்தால் மாற்றலாம், பாதியில் நிற்காது. ஊதாத் துணி ஒன்றை விளக்கின் அடியில் விரியுங்கள். மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 13, மகிழ்ச்சி ஞாயிறு. அன்று ஆலயத்தில் ஊதாவுக்குப் பதில் ரோஸ் நிறத் திருவுடை அணிய அனுமதி உண்டு. வீட்டில் ரோஸ் நிறக் காகிதப் பூவை விளக்கருகே வைத்தால் போதும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்க வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேரே விளக்கை வைக்காதீர்கள். உப்புக் காற்றில் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். சனிக்கிழமை மதியம் புளி போட்டுத் துலக்கிப் புதுத் திரி போடும் வேலையை மகளிடம் கொடுங்கள். ஞாயிறன்று ஒரு முகம் கூடுவதை அவள்தான் காத்திருந்து பார்ப்பாள்.

இனி அந்தப் பத்து நிமிடம். நேரம் மாலை ஏழு, அல்லது உங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கும் ஏதோ ஒரு நேரம். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் மகள் தூங்கிவிடுவாள், அதிகாலையில் கடலுக்குப் போகிறவரும் படுத்துவிடுவார். டிவி நிற்க வேண்டும், போன்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டும். சிலுவை அடையாளம் வரைந்து மகள் விளக்கேற்றட்டும். அரை நிமிடம் யாரும் பேச வேண்டாம். மகன் திருவிவிலியத்திலிருந்து ஆறு முதல் பத்து வசனம் நின்றுகொண்டு வாசிக்கட்டும்; பகலிலேயே ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். தட்டுத் தடுமாறி வாசித்தால் கேட்பவர் மனம் சொல்லில் நிற்காது. வாசித்ததும் ஒவ்வொருவரும் தன் காதில் நின்ற ஒரு சொல்லையோ வரியையோ திருப்பிச் சொல்லட்டும். விளக்கவுரை வேண்டாம். அப்பாவோ அம்மாவோ இந்த இடத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கினால் ஒன்பதாம் வகுப்புப் பையன் அடுத்த நாள் டியூஷன் என்று நழுவிவிடுவான். பிறகு ஒரே ஒரு மன்றாட்டு, பெயர் சொல்லி: இன்று கடலில் இருக்கும் படகுகளுக்காக, இலங்கைச் சிறையில் மகனோ கணவனோ இருக்கும் நம் தெரு வீட்டுக்காக, கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் சித்தப்பாவுக்காக. விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, ஒரு மங்கள வார்த்தை (அருள் நிறைந்த மரியே), ஒரு பாட்டின் முதல் சரணம். முடிந்தது. நன்றாகப் போகிறது என்று இருபது நிமிடமாக்காதீர்கள். மூன்றாம் நாள் அதுவே பாரமாகிவிடும். அரையாண்டுத் தேர்வு நடக்கும் மாதம் இது என்பதும் நினைவிருக்கட்டும்.

மாமியாரின் செபமாலையை இதற்குப் போட்டியாக்க வேண்டாம். அந்த வீட்டில் விசுவாசத்தை இத்தனை ஆண்டு தாங்கி வந்தது அதுதான். வாசகமும் மன்றாட்டும் முடிந்ததும் மகிழ்ச்சி மறையுண்மைகளில் ஒன்றை, கபிரியேல் தூதுரைத்ததையோ எலிசபெத்தைச் சந்தித்ததையோ, செபமாலையின் பத்து மணிகள் மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். பிள்ளைகள் எழுந்து போகலாம், மீதி நான்கு பத்துகளை மாமியாரும் விருப்பமுள்ளவரும் தொடரலாம். இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட அவர் மகன் சொன்னால் நல்லது. "அம்மா, பிள்ளைகளை உங்கள் செபமாலைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கொண்டுவரலாம்" என்று சொன்னால் அவரே ஒத்துழைப்பார்.

கடல் நாள்களில் உங்கள் கணவரை அப்படியே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். மாலை ஆறு மணி மூவேளைச் செபம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாக இருக்கும். கோவில் மணி அடிக்கும் அந்த நேரத்தில் நீங்கள் கரையில் சொல்லுங்கள், அவர் படகில் சொல்லட்டும். வலை இழுக்கிற நேரமாக இருந்தால் சிலுவை அடையாளமும் ஒரு மங்கள வார்த்தையும் போதும். அன்றைய வாசகத்தின் ஒரு வசனத்தை மகள் சீட்டில் எழுதி, நனையாத உறையில் போட்டு, புறப்படும்போது கொடுக்கட்டும். "வாசித்தீர்களா?" என்று திரும்பி வந்ததும் யாரும் விசாரணை நடத்த வேண்டாம்.

எதை வாசிப்பது? இங்கேதான் பல வீடுகளில் பிசகுகிறது. நவம்பர் கடைசியிலேயே பெத்லகேமையும் இடையர்களையும் வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 24ஆம் தேதி வரும்போது புதிதாகக் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. இந்தக் காலத்துக்கு இரண்டு பகுதி உண்டு. டிசம்பர் 16 வரை, ஆண்டவர் மாட்சியோடு மீண்டும் வருவதை எதிர்நோக்குவதும், எசாயாவின் இறைவாக்குகளும், திருமுழுக்கு யோவானின் அழைப்பும். 17 முதல் 24 வரைதான் பிறப்பை நேரடியாகத் தயாரிக்கும் எட்டு நாள். ஞாயிறு திருப்பலியில் "உன்னதங்களிலே" பாடாமல் விடுவதும் இதனால்தான். கிறிஸ்து பிறப்பு இரவில் அந்தப் பாடல் மணியோசையோடு திரும்பும்போது காதில் புதிதாக விழ வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் ஞாயிறே இதைச் சொல்லிக் கவனிக்க வையுங்கள்.

முதல் ஞாயிறு மாற்கு 13:33-37. வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும்போதோ காலையிலோ வரலாம், விழித்திருங்கள் என்ற பகுதி. படகு எப்போது அணையும் என்று தெரியாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மறுநாள் திங்கள், நவம்பர் 30, திருத்தூதர் அந்திரேயா விழா: மத்தேயு 4:18-22, வலை வீசிக்கொண்டிருந்தவர்களை ஆண்டவர் அழைத்தது. உங்கள் கணவர் கடலுக்குப் போகும் நாள்; சீட்டில் எழுத அதைவிட நல்ல வசனம் கிடைக்காது. பிறகு எசாயாவிலிருந்து சிறு சிறு பகுதிகள்: 2:1-5, 11:1-9, 25:6-9, 35:1-6, 40:1-5, 40:28-31. ஒன்றை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாசித்தாலும் நல்லதே. பிள்ளைகளுக்கு 11ஆம் அதிகாரத்து ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பிடிக்கும்; மாமியாருக்கு 40இன் கடைசி வசனங்கள் பிடிக்கும்.

டிசம்பர் 3, வியாழன், புனித சவேரியார் விழா. 1542 முதல் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருடைய துணைவரான அந்தோணி கிரிமினாலி அடிகள் 1549இல் உயிர்கொடுத்தது உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வேதாளையில். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று இரவு வாசகத்துக்குப் பதில் விசுவாச அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் பிள்ளைகள் பார்க்காமல் சொல்லட்டும். தப்பினால் மாமியார் எடுத்துக்கொடுக்கட்டும். டிசம்பர் 8, செவ்வாய், அமல உற்பவ அன்னை பெருவிழா. கணவர் கரையில் இருக்கும் நாள். மாலைத் திருப்பலி இருந்தால் குடும்பமாகப் போய்வாருங்கள், அன்றைக்கு வீட்டில் வேறு எதுவும் வேண்டாம்.

17 முதல் 24 வரைக்கு வாசகங்கள் இவை. திருப்பலியிலும் இவைதான் நற்செய்தி:

டிசம்பர் 17 – மத்தேயு 1:1-17
18 – மத்தேயு 1:18-24
19 – லூக்கா 1:5-25
20 – லூக்கா 1:26-38
21 – லூக்கா 1:39-45
22 – லூக்கா 1:46-56
23 – லூக்கா 1:57-66
24 – லூக்கா 1:67-79

20ஆம் தேதி நான்காம் ஞாயிறு; அன்றைக்கும் இந்த ஆண்டு அதே லூக்கா 1:26-38தான் வருகிறது. ஆலயத்தில் கேட்டதையே வீட்டில் மீண்டும் வாசிக்கலாம். 17ஆம் தேதியின் தலைமுறை அட்டவணையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மகன் வாசிக்கட்டும், முடிந்ததும் மாமியார் தம் தாத்தா பாட்டி பெயர்களிலிருந்து இந்தப் பிள்ளைகள் வரை சொல்லட்டும். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு செபம்.

இதே நாள்களில் 17 முதல் 23 வரை திருச்சபை மாலைச் செபத்தில் ஏழு பெயர்களால் ஆண்டவரைக் கூப்பிடுகிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஏழு அட்டைகளில் எழுதி நாளுக்கு ஒன்றாக ஸ்டாரின் கீழே நூலில் தொங்கவிடுங்கள். விளக்கேற்றும்போது அன்றைய பெயரைச் சொல்லி, எல்லாரும் "வாரும்" என்று சொன்னால் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஏழு நாளில் மனப்பாடமாகிவிடும்.

22ஆம் தேதி செவ்வாய். கணவர் வீட்டில் இருப்பார். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. நம் இராமேஸ்வரம் தீவில் பல வீடுகளில் அந்த இரவில் போனவர்கள் உண்டு. வாசகம் மரியாவின் பாடல். அதைப் பாடி முடித்ததும், விளக்கு எரிய எரிய, அந்த இரவில் இறந்தவர்களுக்காகவும் கடல் கொண்ட எல்லாருக்காகவும் ஒரு நிமிடம் மௌனமாக நின்று நித்திய இளைப்பாற்றிச் செபம் சொல்லுங்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று இதைத் தவிர்க்கத் தேவையில்லை. விழா மகிழ்ச்சி துக்கத்தை ஒளித்து வைத்துக் கொண்டாடுவதற்கு உரியதில்லை.

முடிக்க வேண்டிய கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னேன். லூக்கா 3:10-14ஐ இரண்டாம் வாரத்தில் ஒருநாள், கணவர் இருக்கும் மாலையில், வாசியுங்கள். திருமுழுக்கு யோவானிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நீண்ட செபம் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடு. விதித்ததற்கு மேல் வரி தண்டாதே. மிரட்டிப் பணம் பறிக்காதே. உன் சம்பளம் போதும் என்றிரு. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலுக்குள்ளேயே பதில். அதே கேள்வியை நம் கரையில் கேட்டால் யோவான் என்ன சொல்லியிருப்பார்? படகு வருமானத்தில் பங்கு பிரித்தது நேர்மையா? டீசல், ஐஸ் செலவைக் கூட்டிச் சொல்லி ஆள் பங்கைக் குறைத்தோமா? கரையோரத்தில் நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை நம் படகு அறுத்துக்கொண்டு போனது தெரிந்தும் தெரியாதது போல வந்தோமா? தடை செய்த இரட்டைமடி வலை இழுத்தோமா? குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டினோமா? கந்துவட்டிக்குக் கொடுத்து ஒரு வீட்டை அழ வைத்தோமா? பெண்கள் பக்கம்: சீட்டுப் பணத்தில் சொல்லாமல் செய்தது, ஒரு குடும்பத்தைப் பற்றித் தெருவில் பரப்பிய பேச்சு, மருமகளிடம் வரதட்சணையைக் குத்திக் காட்டியது. பிள்ளைகள் பக்கம்: போனில் மறைத்துப் பார்ப்பது, தேர்வில் பார்த்து எழுதியது, பாட்டியை எதிர்த்துப் பேசியது.

இந்தக் கேள்விகளை நீங்கள் உங்கள் கணவர் முகத்துக்கு நேரே படிக்கக் கூடாது. அவரவர் தனக்குத் தானே கேட்க வேண்டியவை. ஒன்றை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: பிறருக்குச் செய்த நட்டத்தைப் பாவசங்கீர்த்தனம் மட்டும் தீர்த்துவிடாது. அறுந்த வலைக்கு ஈடு கொடுக்க வேண்டும். குறைத்த பங்கைத் திருப்ப வேண்டும். கெடுத்த பெயரை முடிந்தவரை சரிசெய்ய வேண்டும். முழுத்தொகை கையில் இல்லையென்றால் தவணையாகக் கொடுக்கலாம், ஆனால் தொடங்கிவிட வேண்டும். பண்டிகைத் துணிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போகட்டும். ஊரே பேசும்படி குடில் கட்டிவிட்டு இதைத் தள்ளிப்போடுவதில் எந்தத் தயாரிப்பும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஏழெட்டு வருடம் போகாதவர் பொதுவாக மூன்று காரணத்தால் போவதில்லை: எப்படிச் சொல்வது என்பது மறந்துவிட்டது, பங்குச் சாமியார் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது என்ற கூச்சம், மனைவி துரத்துகிறாள் என்ற வீம்பு. மூன்றாவதை நீங்களே இன்று நிறுத்திவிடலாம். நீங்களும் பிள்ளைகளும் முதல் வாரத்திலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாருங்கள். போனதை வீட்டில் விளம்பரப்படுத்த வேண்டாம். கூச்சத்துக்கு வழி: பக்கத்துப் பங்கில் உள்ள எந்த அருள்பணியாளரிடமும் செய்யலாம். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் எவரிடமும் சொல்ல அவருக்கு உரிமையில்லை. சொன்னால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனைக்கு ஆளாவார். முறை மறந்தவருக்கு: மண்டியிட்டு, "சாமி, எட்டு வருடம் ஆகிறது, முறை மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்று தொடங்கினாலே போதும், மீதியை அவர் நடத்துவார். கனமான பாவங்களை வகையும், நினைவுள்ளவரை எத்தனை முறை என்பதும் சொல்ல வேண்டும். கதையும் அடுத்தவர் பெயரும் வேண்டாம். மறந்துபோனது மன்னிப்பைக் கெடுக்காது, தெரிந்தே மறைத்ததுதான் கெடுக்கும். மனத்துயர்ச் செபம் வராவிட்டால் சொந்த வார்த்தையில் சொல்லலாம். கொடுத்த பரிகாரத்தை அன்றே முடித்துவிடுவது நல்லது.

நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 24 இரவு வரிசையில் நிற்க வைக்காதீர்கள். ஒரே சாமியார், கிளைக் கிராமங்கள் பல, பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது எட்டு வருடத்தைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாயோ வெள்ளியோ மாலையில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தனியாகப் போவது நல்லது. டோக்கன் இல்லாத நாள் வந்தால் இன்னும் நல்லது. வருமானம் இல்லாமல் வீட்டில் முடங்கி, கூட்டாளிகளோடு பாட்டில் திறக்கும் நாளும் அதுதான். அவரைக் கூப்பிடச் சரியான ஆள் நீங்கள் இல்லாமலும் இருக்கலாம். அதே படகில் போகும், தவறாமல் பூசைக்கு வரும் ஒருவர் "வா, நானும் போறேன்" என்று அழைத்தால் பெரும்பாலும் போய்விடுவார்கள். இந்த வருடமும் போகவில்லையென்றால்? வீட்டுச் செபத்தில் அவருக்கு இடம் அப்படியே இருக்கட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

குடிலைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே நாளில் கட்டி முடிக்காமல் வாரவாரம் வளர்த்தால் அதுவே மறைக்கல்வி. முதல் வாரம் தென்னங்கீற்றுக் கூரையும் மணலும் மட்டும். இரண்டாம் வாரம் ஆடுகளும் இடையர்களும் தூரத்தில். மூன்றாம் வாரம் மாடும் கழுதையும் (எசாயா 1:3 வாசிக்கலாம்). 17 முதல் மரியாவும் சூசையப்பரும் அறையின் அடுத்த மூலையிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வரட்டும். கடல் மணலை அப்படியே போட்டால் ஈரம் விடாமல் சொரூபங்களின் அடி பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடுங்கள். வைக்கோலுக்குள் சீரியல் லைட்டைப் புதைக்காதீர்கள், சூடாகிப் பற்றும். நற்செயலுக்கு ஒரு வைக்கோல் துரும்பு என்று தீவனத்தொட்டியை நிரப்பும் வழக்கம் நல்லதே, ஆனால் எண்ணிப் பார்த்துப் பிள்ளைகள் போட்டி போடத் தொடங்குவார்கள். யாரும் பார்க்காதபோது போட வேண்டும், எண்ணக் கூடாது என்பது விதியாக இருக்கட்டும். குடில் போட்டிக்கு நடுவர்கள் 20ஆம் தேதிக்கே வந்தாலும் தொட்டி காலியாகவே இருக்கட்டும். "குழந்தை எங்கே?" என்று கேட்டால் உங்கள் மகள் பதில் சொல்வாள், பரிசு போனால் போகட்டும்.

கேரலுக்கு மகனைத் தடுக்காதீர்கள். இரண்டு இரவு, பத்து மணிக்குள் வீடு, மறுநாள் தேர்வு இருந்தால் கிடையாது, அவ்வளவுதான். துணி முதல் வாரத்திலேயே, கையில் உள்ள காசுக்கு மட்டும். வட்டிக்கு வாங்கி எடுத்த புதுச்சட்டையோடு மன நிம்மதியாக யாரும் பூசை காண முடியாது. எடுக்கும்போதே ஒரு துணி கூடுதலாக, அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவில்) வருமானம் நின்றுபோன வீட்டுப் பிள்ளையின் அளவுக்கு. இந்தக் காலத்தில் நோன்பு கட்டாயமில்லை. விரும்பினால் வெள்ளிக்கிழமைகளில் மாலைத் தீனியை விட்டுவிட்டு அந்தக் காசை இந்தத் துணிக்குச் சேர்க்கலாம். தினமும் மீன் சாப்பிடும் நாம் கறியை விட்டோம் என்று சொல்வதில் அதிகம் இல்லை. பிள்ளைகளுக்குப் போனை ஒரு மணி நேரம் அணைப்பது அதைவிடக் கடினம். பலகாரத்தை 21, 22இல் சுட்டு முடியுங்கள். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பதையும் அப்போதே பொட்டலமாக்கிப் பெயர் எழுதி வைத்துவிட்டால் 25 காலை பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்து வருவார்கள்.

24 வியாழன். கணவர் காலையில்தான் கரை ஏறுவார். அவரிடம் அன்று வீட்டு வேலை எதையும் சொல்ல வேண்டாம். பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை வீடே உறங்கட்டும், பிள்ளைகளும்தான். பூசையில் அவர்கள் தூங்கி விழுவதற்கு முக்கியக் காரணம் அன்று பகல் முழுக்க ஆடி ஓடுவது. மாலை லூக்கா 1:67-79, நான்கு முகம் விளக்கு. எட்டரை மணிக்கு இட்லி போன்ற லேசான சாப்பாடு. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது என்பதைக் கேக் நீட்டுகிற உறவினர்களிடம் பிள்ளைகள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆலயத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். பின்வாசலில் நின்றால் பிள்ளைகளுக்கு முதுகுகள்தான் தெரியும். மகளுக்கு முடியவில்லையென்றால் வற்புறுத்தாமல் 25 காலைத் திருப்பலிக்கு அழைத்துப் போகலாம். அதுவும் முழுமையான கிறிஸ்து பிறப்புத் திருப்பலியே, குறைந்தது கிடையாது. இரவுப் பூசையிலிருந்து வந்ததும் படுக்குமுன், ஐந்தாம் முகத்தையும் ஏற்றி, வீட்டில் இளையவள் குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைக்கட்டும். லூக்கா 2:1-14ஐ அந்த ஒரு நாள் உங்கள் கணவர் வாசிக்கட்டும். முந்தின நாளே கேட்டுவிடுங்கள், கூட்டத்துக்கு நடுவில் புத்தகத்தை நீட்டினால் மறுத்துவிடுவார்.

26ஆம் தேதியே குடிலைப் பிரிக்க வேண்டாம். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை, அதாவது 2027 ஜனவரி 10 வரை இருக்கிறது. ஞானிகள் மூவரும் ஜனவரி 3, திருக்காட்சிப் பெருவிழா அன்று வந்து சேரட்டும். 26 சனி, அவர் மீண்டும் கடலுக்குப் போவார். அன்று மாலையும் ஆறு மணிக்கு மூவேளைச் செபம் உண்டு, ஏழு மணிக்கு ஐந்து முகமும் ஏற்றிய விளக்கின் முன் அதே பத்து நிமிடம், லூக்கா 2:15இலிருந்து தொடருங்கள்.